பழைய ஃபியட் பத்மினிக்கு மெக்கானிக்கும் சாமானும் எங்கே கிடைக்கும்?

கேள்வி, 8 ஜூன் 2025

அப்பா வைத்திருந்த 1987 பிரீமியர் பத்மினி வீட்டில் நிற்கிறது. ஊர் ஈரோடு. ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஸ்லோ (ஆக்சிலரேட்டரை விட்டதும் இன்ஜின் மெதுவாக ஓடுவது) நிற்பதில்லை. சூடானதும் சிக்னலில் ஆஃப் ஆகிவிடுகிறது. காட்டிய இடத்திலெல்லாம் ஒரே பதில்: "கார்பரேட்டர் போச்சு, சாமான் கிடையாது, இரும்புக்குப் போட்டுடுங்க." பெட்ரோலையும் காற்றையும் கார்பரேட்டரில் கலக்கும் வண்டியை இந்தக் காலத்தில் ஓட்ட முடியாது என்றுதான் எனக்கும் படுகிறது. யாராவது ஓட்டுகிறீர்களா?

9 ஜூன் 2025

ஓட்டுகிறேன். கோவையில், 1984 பத்மினி. தினமும் இல்லை, ஆனால் வாரம் தவறாமல்.

"கார்பரேட்டர் போச்சு" என்பது முழுசான பதில் இல்லை. அதில் தேய்வது ஐந்தாறு உறுப்புகள்தான்: நீடில் வால்வு, ஃப்ளோட், பம்ப் டயாஃப்ரம், பேக்கிங், த்ராட்டில் ஸ்பிண்டில் (காற்றுக் கதவைத் திருப்பும் தண்டு), எப்போதாவது ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளை). எது போனது என்று கேளுங்கள். அதைச் சொல்லத் தெரியாதவரிடம் வண்டியை விடாதீர்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. சூடானதும் ஆஃப் ஆகிற வண்டிக்கு முதலில் கரண்ட் பக்கம் பாருங்கள். என் வண்டிக்கு இதே நோய் வந்தபோது ஒரு பெரிய ஒர்க்ஷாப்பில் கார்பரேட்டரைக் கழற்றி, கழுவி, எங்கிருந்தோ ஒரு பழைய கார்பரேட்டரை மாட்டி, நல்ல தொகைக்கு பில் போட்டார்கள். வெளியே வந்து முதல் சிக்னலிலேயே நின்றது. கடைசியில் உக்கடத்தில் ஒரு பாய் டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்து அனுப்பும் பகுதி) மூடியைத் திறந்து பாயிண்ட்டைப் பார்த்தார். முகம் கருகி நீலம் பாய்ந்திருந்தது. கண்டென்சரை மட்டும் மாற்றினார். வண்டி ஓடியது. இன்றைக்கும் என் வண்டியில் இருப்பது கழற்றி மூலையில் போடப்பட்ட அந்த அசல் கார்பரேட்டர்தான். சண்டை போட்டுத் திரும்ப வாங்கினேன்.

கண்டென்சர் சூடேறினால் பலமிழக்கும், ஆறினால் சரியாகிவிடும். அதனால்தான் பத்து நிமிடம் கழித்து வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகிறது, ஆளும் ஏமாந்து கார்பரேட்டரைப் பழிக்கிறார்.

9 ஜூன், இரவு

எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று சொல்லாமல் விட்டேன். வண்டி நின்ற அந்த நிமிடமே, ஆற விடாமல், ஏர் கிளீனரைக் கழற்றுங்கள். இன்ஜின் ஆஃபில் இருக்க, த்ராட்டிலைக் கையால் இழுத்துக்கொண்டே கார்பரேட்டர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய கம்பிபோலப் பெட்ரோல் பீய்ச்சினால் பெட்ரோல் வந்து நிற்கிறது என்று பொருள், கோளாறு கரண்ட் பக்கம். பீய்ச்சவில்லையானால் பெட்ரோல் பக்கம்.

13 ஜூன் 2025

மெக்கானிக் எங்கே கிடைப்பார் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். இதுதான் உண்மையான கேள்வி. சாமானைவிட ஆள்தான் அரிது.

கார் ஒர்க்ஷாப்பில் தேடினால் கிடைக்கமாட்டார். அங்கே இருக்கும் பையன்கள் ஸ்கேனர் செருகிப் படித்துக்கொண்டவர்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. மாருதி 800-க்கே 2000 வாக்கில் இன்ஜெக்ஷன் (கார்பரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) வந்துவிட்டது. அதற்குப் பிறகு தொழிலுக்கு வந்தவர் கார் கார்பரேட்டரைத் திறந்து பார்க்கவே வாய்ப்பில்லை.

நான் தேடும் வழி வேறு. லேத் பட்டறையில் போய்க் கேட்பேன்: "பழைய வண்டி ஹெட், பிளாக்கெல்லாம் உங்களிடம் கொண்டுவருவது யாருங்க?" ரேடியேட்டர் ஈயம் வைக்கிறவரிடமும் அதே கேள்வி. டைனமோ, செல்ஃப் மோட்டார் காயில் கட்டுகிறவரிடமும் அதே. இந்த மூன்று கடைக்காரர்களுக்கும் ஊரில் மிச்சமிருக்கும் பழைய கைகள் எல்லாம் தெரியும், ஏனென்றால் அந்த மெக்கானிக்குகளுக்குப் போர்டு இருக்காது. வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் ஒரே ஒரு வண்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கூகுள் மேப்பில் வரமாட்டார்கள்.

இரண்டாவது வழி பைக் மெக்கானிக். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகுதான் நம் ஊர் பைக்குகள் பெரும்பாலும் இன்ஜெக்ஷனுக்குப் போயின. அதற்கு முந்தைய பைக்குகள் இன்னும் லட்சக்கணக்கில் ஓடுகின்றன, எல்லாம் கார்பரேட்டர். அவற்றைச் சுத்தம் செய்து ஏர் ஸ்க்ரூ வைத்துக் கொடுக்கிற முப்பது வயதுப் பையனுக்கு ஃப்ளோட் லெவல் என்றால் என்ன, பைலட் ஜெட் அடைத்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் கைப்பாடம். பைக்கில் ஸ்லைடு மேலே கீழே போகும், பத்மினியின் சோலெக்ஸ் கார்பரேட்டரில் வட்டத் தகடு திரும்பும். அந்த வித்தியாசத்தை ஒரு மணி நேரத்தில் புரிந்துகொள்வான். வண்டியைத் தொட அவனுக்கு ஆசை இருக்கிறதா என்பதுதான் முக்கியம். என் கார்பரேட்டரை இப்போது பார்ப்பது அப்படிப்பட்ட ஒரு தம்பிதான். உக்கடம் பாய் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொல்வார், தம்பி செய்வான். பாய்க்குக் கண் சரியாகத் தெரிவதில்லை, காது மட்டும் அப்படியே இருக்கிறது. பானட்டுக்குள் பார்க்காமலே "மூணாவது பிளக்கு மிஸ்ஸிங்கு" என்பார்.

நல்ல ஆளைக் கண்டுபிடித்தால் கூலியில் பேரம் வேண்டாம். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. நாம் கொடுக்கிற கூலியில்தான் அவர் பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்து கற்றுக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்கிறான்.

14 ஜூன் 2025

ஈரோடு நண்பர் எழுதியிருக்கிறார்: வண்டி நின்றபோது பார்த்தாராம், பெட்ரோல் பீய்ச்சியதாம். கண்டென்சரையும் பாயிண்ட்டையும் மாற்றுங்கள். பாயிண்ட் இடைவெளி 0.4 முதல் 0.5 மிமீ. ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள், விசிட்டிங் கார்டு வைத்துப் பார்க்கிற பழக்கம் வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பில் லூகாஸ் என்று பொறித்திருந்தால் வேலை சுலபம். சென்னை பாடியில் 1961-லிருந்து லூகாஸ் டிவிஎஸ் இருக்கிறது, அவர்களுடைய பழைய இருப்பு இன்னும் கடைகளில் அகப்படும்.

22 ஜூன் 2025

சாமான் விஷயம். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போய் "பத்மினிக்கு ஆயில் சீல் இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்பார். பையன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். அதே கடையில் பழைய சீலைக் கையில் கொடுத்து, "உள் விட்டம் இவ்வளவு, வெளி விட்டம் இவ்வளவு, தடிமன் இவ்வளவு, இந்த அளவில் கொடுங்க" என்றால் எடுத்துக் கொடுப்பார். டிராக்டருக்கோ வாட்டர் பம்புக்கோ வந்த சீலாக இருக்கும். உங்கள் வண்டிக்கு அது தெரியாது. வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்காமல் அளவைச் சொல்லிக் கேட்பது, இத்தனை வருடத்தில் எனக்கு மிகவும் உதவிய பாடம் அதுதான்.

பேரிங்கும் அப்படியே. பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும். 6203 என்றால் உலகம் முழுக்க உள் விட்டம் 17, வெளி விட்டம் 40, தடிமன் 12 மிமீ. ஆல்டர்னேட்டரில் இருந்தாலும் மாவு மில்லில் இருந்தாலும் அதே பேரிங். துடைத்து எண்ணைப் படியுங்கள், பேரிங் கடைக்குப் போங்கள். ஆட்டோ ஸ்பேர்ஸ் கடை வேண்டாம். ஃபேன் பெல்ட்டும் எண்ணும் நீளமும்தான். ரேடியேட்டர் ஹோஸ் வளைவு ஒத்துவந்தால் எந்த வண்டியுடையதானாலும் போதும், நீளத்தை வெட்டிக்கொள்ளலாம்.

விட்டம் அளக்க ஒரு வெர்னியர் வாங்கி வண்டியிலேயே வையுங்கள். ஒரு நோட்டும். என் நோட்டில் பத்மினியின் எல்லா சீல், பேரிங், பெல்ட் அளவும் இருக்கின்றன. பக்கங்களில் கிரீஸ் ஒட்டிக்கிடக்கிறது. வண்டியை விற்கும் நாள் வந்தால் நோட்டையும் சேர்த்துத்தான் கொடுப்பேன்.

அளவால் கிடைக்காதவை இருக்கின்றன. லைட் கண்ணாடி, கதவு ரப்பர், கிரில், ஸ்டியரிங் கியர் லிங்க் புஷ், கேபிள்கள், ஹெட் பேக்கிங். இவற்றுக்கு ஊர் ஊராகப் போக வேண்டும். சென்னையில் புதுச் சாமானுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, கழற்றிய சாமானுக்குப் புதுப்பேட்டை. பெங்களூரில் ஜேசி ரோடு. டெல்லியில் காஷ்மீரி கேட். கோவைக்காரர்களுக்கு உக்கடம் பக்கம் இருக்கிறது.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் முன்வரிசைப் பெரிய கடைகளில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். பக்கச் சந்துகளில், வயதானவர் தனியாக உட்கார்ந்திருக்கும் சின்னக் கடைகளுக்குப் போங்கள். பழைய இருப்பு மேல்தட்டில் இருக்கும், ஏணி போட்டு எடுக்க வேண்டும். "இருந்தா எடுத்து வைங்கய்யா, சாயங்காலம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு நடங்கள். அவசரப்படுத்தினால் இல்லை என்றுதான் சொல்வார்கள். பிஸ்டன், ரிங், வால்வு போன்றவற்றுக்கு இந்தியா பிஸ்டன்ஸ், ராணே மாதிரிப் பழைய சென்னைப் பெயர்கள் போட்ட பெட்டியைக் கண்டால் விடாதீர்கள், ஆனால் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய பெட்டிக்குள் புதுப் போலியைப் போட்டு விற்பதும் நடக்கிறது.

புதுப்பேட்டையில் கார்பரேட்டர் வாங்கும்போது ஒன்று மட்டும். ஸ்பிண்டிலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். உங்களுடையதைவிட அதிகம் ஆடினால் எதற்கு?

25 ஜூன் 2025

"மாருதி 800 கார்பரேட்டரை மாட்டினால் மைலேஜ் தரும், சாமானும் கிடைக்கும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு உடன்பாடில்லை. அது 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜினுக்குக் கணக்கிட்டு வெஞ்சூரியும் (காற்று போகும் குறுகிய தொண்டை) ஜெட்டும் வைத்தது. பத்மினி 1089 சிசி, நான்கு சிலிண்டர். அடாப்டர் தகடு செய்து மாட்டினால் ஓடும், சமதளத்தில் மெதுவாகப் போனால் சந்தோஷமாகவே இருக்கும். நான்கு பேரோடு மேட்டில் ஏறும்போது காற்றும் பெட்ரோலும் போதாமல் இன்ஜின் கொதிக்கும். அலுமினிய ஹெட், ஒரு முறை கொதித்தால் வளையும். கார்பரேட்டரில் மிச்சம் பிடித்த காசு ஹெட்டில் போய்விடும்.

6 ஜூலை 2025

சாமான் குறைந்துவருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பேசாமல் இந்த இழை முழுமையாகாது.

இத்தனை வருடம் நமக்குப் பத்மினி சாமான் கிடைத்தது பம்பாய் டாக்சிகளால். 1964-ல் ஃபியட் 1100 டிலைட் என்று பிரீமியர் கம்பெனி குர்லாவில் செய்ய ஆரம்பித்த வண்டி, 1974-ல் பத்மினி ஆனது, 2000 வாக்கில் உற்பத்தி நின்றது. வண்டி நின்ற பிறகும் கறுப்பு மஞ்சள் டாக்சிகள் ஆயிரக்கணக்கில் ஓடியதால் கிளட்ச் தட்டு, பிரேக் ஷூ, டயாஃப்ரம், பேக்கிங் எல்லாவற்றையும் சின்னச் சின்னப் பட்டறைகள் தொடர்ந்து செய்துகொண்டிருந்தன. தமிழ்நாட்டு வியாபாரிகளும் அங்கிருந்துதான் இறக்கினார்கள். அங்கே டாக்சிக்கு 20 வருட வயது வரம்பு. கடைசிப் பத்மினி டாக்சி பதிவானது 29 அக்டோபர் 2003-ல். கணக்குப் பண்ணிப் பாருங்கள், 2023 அக்டோபர் முடிவோடு அந்த ஓட்டம் நின்றுவிட்டது. தினமும் தேய்த்து வாங்க ஆளில்லாத சாமானை எந்தப் பட்டறை செய்யும்?

இதனால் என் பழைய யோசனை ஒன்று மாறியிருக்கிறது. முன்பெல்லாம் "தேவைப்படும்போது வாங்கினால் போதும், சேர்த்து வைக்காதீர்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். டாக்சி ஓடிய காலத்துக்கு அது சரி. இப்போது தேய்கிற சாமானை இரண்டு செட் வாங்கி வையுங்கள். ரப்பரை மட்டும் சேர்த்து வைக்காதீர்கள், பையிலேயே விறைத்துப்போகும். உலோகத்தை எண்ணெய் தடவி வைத்தால் இருக்கும்.

இன்னொரு வாசல் இத்தாலி. பத்மினியின் மூலம் அங்கே 1962-ல் வந்த ஃபியட் 1100 டி. அங்கே அந்த வண்டியை வைத்திருப்பவர்கள் உண்டு, அவர்களுக்காகப் பேக்கிங் செட், ரப்பர் எல்லாம் செய்து விற்கிறார்கள். தபால் செலவும் சுங்கமும் சேர்ந்தால் கை கடிக்கும். நான்கைந்து பேர் சேர்ந்து வாங்கினால் தாங்கும். இங்கேயே அதற்கு ஆள் சேர்க்கலாமே.

12 ஜூலை 2025

ஈரோட்டில் கண்டென்சர் மாற்றிய பிறகு சிக்னலில் நிற்பது போய்விட்டதாம். நல்ல செய்தி! ஸ்லோ மட்டும் இன்னும் நிற்கவில்லை, ஸ்க்ரூவை ஏற்றினால் இரைகிறது, இறக்கினால் அணைகிறது என்கிறார்.

அது காற்று கசிவு. ஸ்லோவில் ஓடவிட்டு, கார்பரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயை ஸ்பிண்டிலின் இரண்டு முனையிலும் ஒரு சொட்டு அடியுங்கள். அப்புறம் அடிப் பேக்கிங்கைச் சுற்றி. எந்த இடத்தில் அடிக்கும்போது இன்ஜின் சத்தம் மாறுகிறதோ அங்கே காற்று போகிறது. சைலன்சர் மேனிஃபோல்டு மேல் படாமல் அடியுங்கள், தீப்பிடிக்கும். பக்கத்தில் ஒரு ஆளும் தீயணைப்பானும் இருக்கட்டும்.

20 ஜூலை 2025

எதிர்பார்த்ததுதான், ஸ்பிண்டில். இதைச் சரிசெய்ய முடியாது என்று அவருக்கு எங்கோ சொல்லியிருக்கிறார்கள். நன்றாகவே முடியும்.

ஸ்பிண்டில் எஃகு, கார்பரேட்டர் உடம்பு துத்தநாகக் கலவை. பல வருடம் சுழன்று சுழன்று துளை முட்டை வடிவமாகிவிடும். அந்த இடைவெளியில் காற்று போய்க் கலவையைக் கெடுக்கும். வைத்தியம்: துளையை நேராகப் பெரிதாக்கி, பித்தளையிலோ வெண்கலத்திலோ புஷ் செய்து இறக்குவது. ஸ்பிண்டிலும் தேய்ந்திருந்தால் புதிதாகக் கடைந்துகொள்ளலாம். கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் லேத் பட்டறைகளில் மோட்டார் பம்ப் வேலை செய்த கைகளுக்கு இது பெரிய வேலையே இல்லை. அவர்கள் கேட்பதெல்லாம் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்ற அளவுதான்.

கவனம் வேண்டியது வட்டத் தகட்டில். அதன் ஓரம் சாய்வாகச் சீவப்பட்டிருக்கும், திருப்பிப் போட்டால் முழுதாக மூடாது. கழற்றும் முன் மேல்பக்கத்தையும் ஸ்பிண்டிலையும் கீறிக் குறியிடுங்கள். அதைப் பிடித்திருக்கும் இரண்டு குட்டித் திருகாணிகளின் முனை நசுக்கி விடப்பட்டிருக்கும். அப்படியே திருகினால் ஸ்பிண்டில் மரை போய்விடும். முனையை அரத்தால் தேய்த்துவிட்டுத் திருகுங்கள். மறுபடி மாட்டும்போது புதுத் திருகாணி போட்டு, முனையைக் கட்டாயம் மீண்டும் நசுக்க வேண்டும். அது கழன்றால் நேராக சிலிண்டருக்குள்தான் விழும். பிஸ்டனும் வால்வும் போகும்.

அடிப்பக்கம் வளைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கனமான கண்ணாடித் துண்டின் மேல் வைத்து அழுத்தினால் ஆடும். ஆடினால் கண்ணாடி மேல் எமரி தாள் விரித்து, எட்டு போடுவதுபோல் மெதுவாகத் தேய்த்தால் சமமாகும். கார்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் பேக்கலைட் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு வெறும் பேக்கிங் தாள் வைத்திருக்கும் வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தட்டு சூட்டைத் தடுக்கத்தான் இருக்கிறது. இல்லாவிட்டால் வெயிலில் நிறுத்தி எடுக்கும்போது பெட்ரோல் கார்பரேட்டருக்குள்ளேயே கொதிக்கும், ஸ்டார்ட் ஆகாது.

21 ஜூலை 2025

ஃப்ளோட் பற்றிக் கேட்டவருக்கு: காதருகில் வைத்துக் குலுக்குங்கள், உள்ளே பெட்ரோல் சலசலத்தால் ஓட்டை. பித்தளை ஃப்ளோட்டாக இருந்தால் சுடுதண்ணீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம் தெரியும். உள்ளே இருக்கும் பெட்ரோலை முழுக்க வடித்து, ஆவியும் போன பிறகுதான் ஈயம் வைக்க வேண்டும். ஈயத்தை மிகக் குறைவாக வையுங்கள். எடை கூடினால் ஃப்ளோட் தாழ மிதக்கும், பெட்ரோல் மட்டம் ஏறும், வண்டி குடிக்கும்.

ஜெட்டைக் கம்பியால் குத்தக் கூடாது. காற்றடியுங்கள், அடைப்பு போகாவிட்டால் தூண்டில் நரம்பு. ஜெட்டின் மேல் 120 என்று இருந்தால் துளை 1.20 மிமீ. கம்பி அதை ஓசையில்லாமல் பெரிதாக்கிவிடும், அப்புறம் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

17 ஆகஸ்ட் 2025

எல்லோரும் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பற்றிக் கேட்கிறீர்கள். பங்கில் இப்போது பெரும்பாலும் வருவது அதுதான். பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

முதல் விஷயம் ரப்பர். எத்தனால் பழைய ரப்பரை ஊற வைக்கும், அப்புறம் வெடிக்க வைக்கும். பெட்ரோல் ஹோஸ் முழுவதையும் மாற்றுங்கள். சாதாரணக் கறுப்பு ஹோஸ் வேண்டாம். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டது வாங்குங்கள், அதன் உள்பக்கம் எத்தனாலைத் தாங்கும். நீடில் வால்வின் முனை விட்டான் ரப்பராக இருக்கட்டும். மிக முக்கியம் ஏசி பம்ப், அதாவது டேங்க்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்ப். அதன் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் இன்ஜின் ஆயிலோடு கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் தானாக ஏறியிருந்தாலோ பெட்ரோல் வாடை அடித்தாலோ வண்டியை எடுக்காதீர்கள். பேரிங் போவதும் உண்டு, தீப்பிடிப்பதும் உண்டு.

இரண்டாவது கலவை. ஒரு கிலோ சுத்தப் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இ20-க்குச் சுமார் 13.5. இன்ஜெக்ஷன் வண்டி சென்சாரால் இதைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும். கார்பரேட்டருக்கு அந்த வசதி இல்லை, பழைய அளவிலேயே ஊற்றும், கலவை மெலியும். பிக்கப் குறையும், பிளக் வெளுக்கும், சூடு ஏறும். 120 மெயின் ஜெட் இருந்த இடத்தில் 125 போட்டால் துளையின் பரப்பு எட்டரை சதவீதம் கூடும். ஏறக்குறைய கணக்கு சரியாக வரும். நான் ஒரு படி ஏற்றித்தான் ஓட்டுகிறேன். பிளக் செங்கல் பழுப்பில் வருகிறது.

மூன்றாவது தண்ணீர். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் பாதி டேங்க்கோடு மாதக்கணக்கில் நிறுத்தினால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும், டேங்க் துருப்பிடிக்கும், துத்தநாக உடம்பில் வெள்ளைப் பொடி பூக்கும். ஓட்டுங்கள். ஓட்ட முடியாவிட்டால் டேங்க்கை நிரப்பி வையுங்கள், கார்பரேட்டர் கிண்ணத்தை மட்டும் காலி செய்துவிடுங்கள்.

24 ஆகஸ்ட் 2025

கட்டணச் செய்தியைப் பார்த்திருப்பீர்கள். 20 வருடம் தாண்டிய காருக்குப் பதிவு புதுப்பிக்க 10,000 ரூபாய். 2022 ஏப்ரலில்தான் 600-லிருந்து 5,000 ஆக்கினார்கள். வருத்தமாக இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. வருடத்துக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடும் வண்டியும் தினமும் நூறு ஓடும் வண்டியும் ஒரே தட்டில் வைக்கப்படுவது நியாயமாக எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் ஐந்து வருடத்துக்கு ஒரு முறைதான். 1987 வண்டிக்கு 2022-ல் எஃப்சி காட்டியிருந்தால் அடுத்தது 2027. இப்போதிருந்தே கீழ்த்தகட்டுத் துருவைப் பாருங்கள். எஃப்சியில் வண்டி மாட்டிக்கொள்வது பெரும்பாலும் தகட்டிலும் பிரேக்கிலும்தான்.

50 வருடம் தாண்டியிருந்தால் விண்டேஜ் பதிவு தனி. 2021 விதிப்படி புதுப் பதிவுக்கு 20,000. அப்படிப் பதிந்தால் தினசரிப் போக்குவரத்துக்கு ஓட்ட முடியாது என்பதை யோசித்துச் செய்யுங்கள்.

14 செப்டம்பர் 2025

ஊட்டி நண்பர் கேட்டது வித்தியாசமான கேள்வி. அவருக்குப் பிளக் கறுப்படிக்கிறது, மேட்டுப்பாளையம் இறங்கினால் வண்டி பறக்கிறது. கோளாறு எதுவும் இல்லை. ஊட்டி 2,240 மீட்டர், அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோல் அதே அளவு, காற்று குறைவு, கலவை தடிக்கிறது. ஊட்டியிலேயே ஓட்டுவதானால் மெயின் ஜெட்டை ஒன்றிரண்டு படி இறக்கலாம். அடிக்கடி கீழே வருகிறவர் இறக்க வேண்டாம், சின்ன ஜெட்டோடு சமவெளிக்கு வந்தால் கலவை மெலிந்து வால்வு கருகும். அதைவிடக் கறுத்த பிளக்கைத் துடைத்துக்கொள்வது மலிவு. மேலும், அவருக்கு இ20 தடித்த கலவையைச் சற்று மெலிய வைக்கிறது. மலைமேல் மட்டும் அது உதவிக்கு வந்திருக்கிறது!

5 அக்டோபர் 2025

கலவை ஸ்க்ரூ வைக்க நான் செய்யும் முறை ஒன்று. புகைச் சான்று கொடுக்கும் இடத்துக்குக் கூட்டமில்லாத மதிய நேரத்தில், நன்கு சூடேறிய வண்டியோடு போவேன். குழாயைச் சைலன்சரில் செருகியபடியே வைக்கச் சொல்லி, மானியைப் பார்த்துக்கொண்டே ஸ்க்ரூவைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்புவேன். நம் காலத்து வண்டிகளுக்கு ஸ்லோவில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1,500 பிபிஎம் வரை அனுமதி. ஒன்றரை, இரண்டில் நிறுத்தினால் இன்ஜினும் பதறாமல் ஓடும், சான்றும் கிடைக்கும். ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறினால் எங்கோ மிஸ்ஸிங் இருக்கிறது, கார்பரேட்டரைத் தொடாமல் பிளக் வயரைப் பாருங்கள். அங்கிருக்கும் தம்பிக்கு டீச் செலவுக்குக் கொடுத்தால் அரை மணி நேரம் விடுவார்.

2 நவம்பர் 2025

இத்தாலி பேக்கிங் செட்டுக்கு ஆறு பேர் சேர்ந்திருக்கிறீர்கள். இன்னும் யாராவது சேர்வதானால் இந்த மாதத்துக்குள் சொல்லுங்கள். இன்ஜின் எண்ணையும் வருடத்தையும் எழுதுங்கள், பிற்கால வண்டிகளில் எல்லாம் பொருந்தும் என்று சொல்ல முடியாது. பழைய பேக்கிங் இருந்தால் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள், ஒப்பிட்டுவிட்டு ஆர்டர் போடுகிறேன்.

ஈரோடு நண்பரே, லேத்தில் பேசிவிட்டேன். ஞாயிறு காலை கார்பரேட்டரை மட்டும் கழற்றிப் பஸ்ஸில் கொண்டுவாருங்கள், பெட்ரோலை வடித்துவிட்டு. பேக்கலைட் தட்டையும் கூடவே எடுத்து வாருங்கள். தகட்டுத் திருகாணியை அங்கே யாரிடமும் கழற்றக் கொடுக்காதீர்கள், இங்கே பார்த்துக்கொள்ளலாம். அன்றைக்குப் பாயும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். சந்தேகம் இருப்பவற்றை எழுதி எடுத்துவாருங்கள்.